கடல் பக்கத்துக் கதவு

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உப்பளத்துக்குள் இறங்கும் மண்பாதையில் வேன் திரும்பியதும், அதை ஓட்டிய பெலிக்ஸ் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். உச்சி வெயில். இரண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. வரப்போரமாகக் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். அந்தக் குவியல்களின் அடியில் விரல்கடை அகலத்துக்கு இருந்த கறுப்பைத் தவிர அந்த வெளியில் நிழல் என்று எதுவும் இல்லை.

"சாவு வீட்டுக்கு கூலிங் கிளாஸ் போட்டுக்கினு போறானேன்னு நினைக்காதீங்க மேடம். இந்த வெள்ளைய பாத்தா எனக்கு தலைவலி வந்துடும்."

"எறங்கும்போது கழட்டிடு," என்றாள் அனுஷியா.

அவள் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். பொம்மையார்பாளையத்துச் சொந்தக்காரர்களுக்கு இந்த வேலையை விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டாள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. தானாக மூச்சு விட முடியாத ஒருவருக்கு இயந்திரம் மூச்சு கொடுக்கும்போது, அந்த மனிதரும் அந்த இயந்திரமும் சண்டை போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. "அப்போ சைக்கிள் கடை மாதிரி காத்தடிக்கிற வேலை," என்று அவள் அத்தை ஒருமுறை முடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அனுஷியா விளக்குவதை விட்டுவிட்டாள்.

எட்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவின் அலாரச் சத்தங்களுக்கு நடுவில் நின்ற பிறகு, இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது. வென்டிலேட்டரை நோயாளியின் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் திட்டத்தை மருத்துவமனை தொடங்கியிருந்தது. அது தனிப் பிரிவானால் நீதான் தலைவர் என்று டாக்டர் வெங்கடாசலம் சொல்லியிருந்தார். முதல் நோயாளி மரக்காணத்து உப்பள மேஸ்திரி சகாயநாதன். தசைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும் நோய். கை போனது, கால் போனது, பேச்சு போனது, கடைசியில் மூச்சும் போனது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதமாக வாரம் தவறாமல் அனுஷியா வந்து பார்த்தாள்.

இன்று காலை அவர் இறந்துபோனார்.

உள்ளூர் டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் இயந்திரத்தை யாரும் தொடவில்லை. அந்தப் பாப்பா வந்துதான் எடுக்க வேண்டும் என்று சகாயநாதனின் மனைவி ஆனந்தம்மாள் சொல்லிவிட்டாளாம்.

வேன் நிற்கும்போது டாக்டர் வெங்கடாசலத்திடமிருந்து போன் வந்தது. "கிளியனூர்ப் பொண்ண இன்னிக்கி டிஸ்சார்ஜ் பண்றோம். அதே மெஷின கொண்டுபோய் சாயங்காலத்துக்குள்ள செட் பண்ணிடும்மா. வேற மெஷின் இல்ல. மேனேஜ்மென்ட்டு இதத்தான் பாத்துக்கினு இருக்குது."

"சரிங்க சார்."

ஓட்டு வீடு. உள்ளே ஊதுவத்தி, ஈர உப்பு, மனித உடம்பு மூன்றும் கலந்த வாடை. சிலுவைக்குக் கீழே கட்டிலில் சகாயநாதன் கிடந்தார். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண்ணை மூடியிருந்தார்கள். கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

அவருடைய நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இது அனுஷியாவுக்குப் புதிதல்ல. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அணைக்கும்வரை அது காற்றைத் தள்ளும். ஆனால் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் அழவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்து எப்படி அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனந்தம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, கடல் பக்கத்துக் கதவ தெறந்துட்டு அப்புறமா எடு. எங்க வூட்டுல அப்படித்தான். அடைச்சி வெச்சிட்டு எடுக்கக் கூடாது. போறதுக்கு வழி வோணும்."

அந்தக் கதவை அடைக்கச் சொன்னதே அனுஷியாதான். கடல் காற்றில் வரும் உப்பு இயந்திரத்தை அரித்துவிடும் என்று, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் விரிப்பும் அடிக்கச் செய்திருந்தாள். இப்போது அதைப் பிய்த்துத் திறந்தால் ஈர உப்பெல்லாம் நேராக இயந்திரத்தின் மேல்தான் விழும். மாலைக்குள் அதைக் கிளியனூரில் ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்ட வேண்டும்.

"இதோம்மா," என்றாள்.

சொல்லிவிட்டு முதலில் குழாயைக் கழற்றினாள்.

அலாரம் அலறியது. உட்கார்ந்திருந்த பெண்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். அனுஷியாவின் கை யோசிக்கவில்லை. எட்டு வருடப் பழக்கம். பையிலிருந்து உள்ளங்கை அளவு ரப்பர் பையை எடுத்துக் குழாயின் முனையில் செருகியது. இயந்திரத்தைச் சோதிக்க நோயாளிக்குப் பதிலாக மாட்டும் பொய் நுரையீரல் அது. அலாரம் அடங்கியது. பை புடைத்தது, சுருங்கியது. அந்த நெஞ்சு விட்ட இடத்திலிருந்து இந்தப் பை ஒரு மூச்சும் தவறாமல் தொடர்ந்தது.

சகாயநாதனின் நெஞ்சு நின்றிருந்தது. பெண்களின் அழுகை வெடித்தது.

ஆனந்தம்மாள் மட்டும் அழாமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது இன்னா?"

"ஒண்ணும் இல்லம்மா. டெஸ்ட் பண்ற பை."

"அதுக்கு மூச்சு இருக்குதே."

"மெஷின் குடுக்கறதும்மா."

"கதவு?"

"தெறக்கச் சொல்றேன்மா," என்றாள் அனுஷியா. யாரிடமும் சொல்லவில்லை. இயந்திரத்தை அணைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று புது வீட்டில் வைப்பதற்கு முன் பார்த்தாக வேண்டும். வழியிலேயே அந்தச் சோதனை முடிந்துவிடும்.

வேனில் பின் இருக்கையில் இயந்திரத்தை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெலிக்ஸ் வண்டியின் உள்கண்ணாடியில் பார்த்து, கேலிக்கு வைத்திருந்த பெயரால் கூப்பிட்டான்.

"மூச்சு மேடம், நம்ம வண்டியில இப்ப எத்தினி பேரு?"

"ஒழுங்கா ஓட்டு."

உப்பளம் முடியும் இடத்தில்தான் அவள் திரையைக் கவனித்தாள்.

இயந்திரம் தானாகக் கொடுக்கும் மூச்சுக்குத் திரையில் வெள்ளைக் கோடு. நோயாளி தானே இழுத்து, அதற்கு இயந்திரம் துணை போனால் கோட்டின் தொடக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ரப்பர் பை இழுக்காது. இழுக்க அதற்கு எதுவும் கிடையாது.

திரையில் பச்சைப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

குழாயில் தண்ணீர் தேங்கினால் இப்படி வரும். எங்காவது காற்று கசிந்தால் வரும். வண்டி குலுங்கினாலும் வரலாம். பெலிக்ஸை ஓரம்கட்டச் சொன்னாள். குழாயை உதறினாள், இணைப்புகளை அழுத்தினாள். லேசான அசைவுக்கெல்லாம் இயந்திரம் ஏமாறாதபடி அமைப்பைக் கூட்டினாள். வண்டி நின்றிருந்தது. சாலையில் சத்தம் இல்லை.

சின்னதாக ஒரு இழுப்பு. இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு நீளமாக ஒன்று.

அவளுக்கு அந்தத் தாளம் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன், சகாயநாதனின் நெஞ்சில் மிச்சமிருந்த பலத்துக்கு ஏற்ப இயந்திரத்தை அமைத்தபோது அவளுக்கு அது விநோதமாக இருந்தது. எல்லோரும் ஒரே சீராக இழுப்பார்கள். இவர் மட்டும் ரெண்டு சின்னது, ஒன்று பெரியது. ஆனந்தம்மாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவரு பலகை போட்டு உப்பு வார்றது அப்படித்தான் பாப்பா. ரெண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு. கை மறந்துடுச்சு, நெஞ்சு மறக்கல."

அனுஷியா இயந்திரத்தை அணைத்தாள்.

விசிறிச் சத்தம் ஓய்ந்தது. பை தொய்ந்து தொங்கியது. அவள் மூச்சை விட்டாள்.

பை உள்பக்கமாகச் சுருங்கியது.

யாரோ மறுபக்கத்திலிருந்து உறிஞ்சுவது போல ரப்பரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன. விட்டது. மறுபடி ஒட்டியது. காற்று கிடைக்காத ஒருவரின் கழுத்துக்குழி எப்படி உள்ளே வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதில்லை அவள். ஒருநாளும் நின்றதில்லை.

கை தானாகப் போய் இயந்திரத்தைப் போட்டது.

"இன்னா மேடம்?" என்றான் பெலிக்ஸ். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

"குழாய்ல ஈரம்."

டாக்டருக்குப் போன் செய்தாள். யாரும் இழுக்காமலே இழுத்ததாகக் காட்டுகிறது சார் என்றாள். "பழைய டியூப்தானே? மாத்திடு. இன்னிக்கி மெஷின் இல்லன்னு மட்டும் சொல்லிடாதம்மா, எனக்கும் சேத்து அசிங்கம்," என்றார் அவர்.

கிளியனூரில் பிரியதர்ஷினியை ஆம்புலன்ஸ் ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தது. சிறுவயதிலிருந்தே தசை பலவீனம். இருபத்திரண்டு வயதில் அவளுடைய வலது ஆள்காட்டி விரலும் முகமும் மட்டுமே அவள் சொன்னபடி கேட்டன. கழுத்துக் குழாயால் குரல் வராது. உதட்டசைவில்தான் பேச்சு. ஆம்புலன்ஸில் வந்த சின்ன இயந்திரத்தில் இருந்தாள். அதைத் திருப்பிக்கொண்டுபோக ஆள் வெளியே காத்திருந்தான்.

அனுஷியா இயந்திரத்தைத் துடைத்தாள். புதுக் குழாய், புது வடிகட்டி. பழையதைக் கழற்றியபோது அலாரம் ஒழுங்காக அடித்தது. புதிய ரப்பர் பை ஒன்றை மாட்டிப் பார்த்தாள். வெறும் வெள்ளைக் கோடுகள். ஒரு பச்சைப் புள்ளி இல்லை. வெகுநேரம் பார்த்தும் இல்லை. ஈரம்தான் காரணம் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது.

'செகண்ட் ஹேண்டா அக்கா?' என்றன பிரியதர்ஷினியின் உதடுகள்.

"அதிகம் ஓடாத வண்டிதான். சிங்கிள் ஓனர்."

பிரியதர்ஷினியின் முகம் சிரித்தது. 'அவங்க எங்க இப்போ?'

"வேற மெஷினுக்கு மாறிட்டாரு," என்று சொல்லிவிட்டு அனுஷியா குழாயை மாட்டினாள்.

எல்லாம் சரியாக இருந்தது. விரலில் மாட்டிய கருவி நல்ல அளவு காட்டியது. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது. தாய் சூர்யகலா டீ போட்டுக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் சாய்ந்து வாசலில் மஞ்சளாகக் கிடந்தது. அனுஷியா போனை எடுத்து டாக்டருக்கு, 'முடிந்தது சார்' என்று அடிக்கத் தொடங்கினாள்.

உப்பு வாடை வந்தது.

கிளியனூரில் கடல் இல்லை.

பிரியதர்ஷினி கண்ணைத் திறந்திருந்தாள். உதடுகள் அசைந்தன. சூர்யகலா குனிந்து பார்த்தாள்.

"கதவ தெறக்கச் சொல்றா. புழுங்குதா கண்ணு?" என்று எழுந்துபோய் ஒருக்களித்திருந்த வாசல் கதவை அகலத் திறந்தாள்.

பிரியதர்ஷினியின் உதடுகள் மறுபடி அசைந்தன. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

'அந்தக் கதவு இல்ல.'

அனுஷியா திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி.

சின்னது. சின்னது. பெரியது.

அந்தப் பெண்ணின் நெஞ்சுக்கு அவ்வளவு பெரிய இழுப்புக்குப் பலம் கிடையாது. விலா எலும்புகள் தோலுக்குள் தெரிந்தன. கண்களில் நீர் கோத்தது, உதடுகள் நீலம் பாரித்தன. அவள் மூச்சை வெளியே விட முயலும்போது இயந்திரம் காற்றை உள்ளே தள்ளியது. வேண்டும்போது நிறுத்தியது. கழுத்துக் குழாயின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அனுஷியாவின் விரலில் அது நறநறத்தது.

அவள் குழாயைப் பிடுங்கினாள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையைக் கழுத்தில் மாட்டி அழுத்தினாள். ஒன்று. விட்டாள். ஒன்று. விட்டாள். பிரியதர்ஷினியின் உதட்டு நீலம் மெதுவாகக் கலைந்தது.

"அம்மா, பெலிக்ஸ கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னா ஆச்சு? மெஷினு கெட்டுப்போச்சா?"

அனுஷியா கைப்பையை அழுத்தியபடியே திரும்பிப் பார்த்தாள். பிடுங்கிய குழாய் கட்டிலின் மேல் திறந்த வாயோடு கிடந்தது. யாருமில்லாத குழாயைப் பார்த்து அந்த இயந்திரம் வீடே அதிர அலறியிருக்க வேண்டும்.

அது அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

புதுச்சேரிவரை அவள் கையை எடுக்கவில்லை. விரல்கள் மரத்துப்போயின. பக்கத்தில், ரப்பர் பையை மாட்டிவிட்ட இயந்திரம் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. "அமத்திடட்டுமா மேடம்?" என்று ஏற்றும்போதே பெலிக்ஸ் கேட்டிருந்தான். "வேணாம்" என்று சொன்னதற்கு அவன் காரணம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அவளே கேட்டு வேனை எடுத்துக்கொண்டு மரக்காணம் போனாள். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஆனந்தம்மாள் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவில் டேப் அப்படியே இருந்தது.

"நேத்தே தெறந்திருப்பேன். அவரு இங்க இல்லாதப்ப தெறந்து இன்னா பிரயோஜனம்னு வுட்டுட்டேன்," என்றாள் ஆனந்தம்மாள். "பொட்டியில வெச்சப்போ மூஞ்சிய பாத்தேன். வெறும் வூடு மாதிரி இருந்துது."

"கொண்டாந்திருக்கேம்மா."

என்னவென்று ஆனந்தம்மாள் கேட்கவில்லை. அனுஷியா தூக்கி வந்த இயந்திரத்தின் முனையிலிருந்த ரப்பர் பையைப் பார்த்தாள். ரெண்டு சின்னது, ஒன்று பெரியது. தலையிலிருந்து சேலையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் நேத்து தெறக்கறேன்னு சொல்லிட்டு…"

"பேசாத. தெற மொதல்ல."

இருவருமாக டேப்பைப் பிய்த்தார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அனுஷியா தோளைக் கொடுத்து இடித்தாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

பிற்பகல் கடல் காற்று. மொத்தமாக உள்ளே பாய்ந்தது. சுவரிலிருந்த மாதா கோயில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. மெழுகுவர்த்தி அணைந்தது. வாசற்படியில் நின்ற அனுஷியாவின் முகத்திலும் கண்ணிலும் உப்பு அறைந்தது. எதிரே பாத்திகள், அதற்கப்பால் கழிவெளி ஏரி, அதற்கும் அப்பால் மணல்மேடு. எல்லாம் வெள்ளையாக எரிந்தன.

இயந்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பையைப் பிடுங்கினாள்.

அலாரம் அலறியது. தன் வாழ்க்கையில் எந்தச் சத்தத்துக்கும் அவள் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. காற்று மறுபடி அறைந்தபோது வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

"போயிட்டாரா?" என்றாள் பின்னாலிருந்து ஆனந்தம்மாள்.

கையிலிருந்த பை தொய்ந்து கிடந்தது. வெறும் ரப்பர்.

"போயிட்டாரும்மா."

இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த பொறியாளர் எந்தக் குறையும் இல்லை என்றார். ஆனாலும் சமயத்தில் முடிவெடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றியதாக நிர்வாகம் அவளைப் பாராட்டியது. இரண்டு மாதத்தில் பிரிவு தொடங்கியது. தலைவர் அனுஷியா. கதவில் பெயர்ப்பலகை, தனி அறை, அவளுக்குக் கீழே நான்கு பேர். அவர்களுக்கு அவள் போட்ட முதல் விதி: நோயாளி இறந்த வீட்டில் முதலில் இயந்திரத்தை அணைக்க வேண்டும், அதன் பிறகே குழாயைத் தொட வேண்டும், எந்தப் பையையும் மாட்டக் கூடாது. வீட்டுக்காரர்கள் எந்தக் கதவைத் திறக்கச் சொன்னாலும் திறக்க வேண்டும். புதிதாக வந்த ஜெர்லின், "இது எந்த புக்ல மேடம் இருக்குது?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அனுஷியாவும் சிரித்தாள்.

பிரியதர்ஷினிக்குப் புத்தம் புது இயந்திரம் வந்தது. ஒரு காலை வேளையில் அவளைப் பார்க்கக் கிளியனூர் போனாள். பெண் நன்றாகத் தேறியிருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. திரையில் எல்லாம் ஒழுங்கு. சூர்யகலா இட்லி எடுத்துவர உள்ளே போனாள்.

'அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?'

"ஏன்? நல்லாத்தானே இருக்கேன். கொஞ்சம் வெயிட்டு போட்டுட்டேன், அத சொல்றியா?"

'இல்ல. நாள் பூரா படுத்துக்கினு நான் பாக்கறதே மத்தவங்க மூச்சு விடறதத்தான். முன்னாடி நீங்க இப்படி விட மாட்டீங்க.'

"எப்படி?"

பிரியதர்ஷினியின் ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் அசைந்தது. சின்னதாக ஒரு கோடு இழுத்தது. பக்கத்தில் இன்னொரு சின்னக் கோடு. பிறகு தன்னால் முடிந்தவரை நீளமாக ஒன்று.

அனுஷியா சிரிக்கப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. அவள் உதட்டை இறுக மூடி, மூக்கை விரல்களால் பிடித்து, மூச்சை அடக்கினாள்.

நெஞ்சு சின்னதாக ஒருமுறை ஏறியது.

இன்னொரு முறை ஏறியது.

பிறகு, நிதானமாக, நீளமாக.